வரவு யார் கணக்கில்?

கறுப்புச் சட்டை போட்ட ஆண்களைக் கண்டால் எனக்கு வயிற்றெரிச்சல். கொள்கைத் தகராறு ஒன்றும் இல்லை ஸார், பயந்துவிடாதீர்கள். கறுப்பில் செதில் தெரியும், அவ்வளவுதான். காலையில் போட்ட சட்டை பதினோரு மணிக்குள் மாவு மில்லுக்குப் போய் வந்த மாதிரி ஆகிவிடும். அதனால் என் பீரோவில் வெள்ளை, சந்தனம், இளஞ்சாம்பல் என்று மூன்றே கலர். எல்லாம் முழுக்கை. மே மாசக் கத்திரியிலும் முழுக்கை. நான் கணக்கு எழுதப் போகிற கடையில் 'சார் எப்பவும் டீசன்ட்' என்று பேர் வேறு. (பி.காம். படித்த பாவத்துக்கு இரண்டு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தில் உங்கள் உயிரை வாங்குகிறேன்.)

டீசன்ட்டின் பேர் சொரியாசிஸ். 'சொறி' என்று ஆரம்பிப்பதால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இதைத் தமிழ் வார்த்தை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, கிரேக்கம். அங்கே 'சோரா' என்றால் அரிப்பு. நம்ம சொறிக்கும் அந்தச் சோராவுக்கும் பங்காளி உறவு உண்டா என்று யாராவது ஆராய்ச்சி பண்ணினால் புண்ணியமாகப் போகும். சித்த மருத்துவத்தில் இதற்குக் காளாஞ்சகப் படை என்று கம்பீரமான பேர் இருக்கிறது. கேட்டால் ஏதோ சோழர் காலத்துக் குதிரைப் படை மாதிரி இருக்கும். நடந்துகொள்வதும் அப்படித்தான். இருபத்து நாலு வயதில் இடது முழங்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முகாம் போட்டது. ரெண்டே வருஷத்தில் வலது முழங்கை, முட்டி, முதுகு, தலை என்று எல்லையை விரித்துவிட்டது.

எங்க ஊர் பனமரத்துப்பட்டி. சேலத்துக்காரர்களுக்கு அரளிப் பூ ஞாபகம் வரும்; கொஞ்சம் வயசானவர்களுக்கு ஏரி ஞாபகம் வரும். சேலம் நகரத்துக்குக் குடிதண்ணீர் தர 1911-ல் கட்டின ஏரி. பிற்பாடு சேலத்துக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்தது, இந்த ஏரிக்குச் சீமைக்கருவேலம் வந்தது. அந்த முள்ளுக்குள் ஒரு நாள் பைக்கோடு விழுந்தேன். முன்னங்கையில் நேர்கோடாக ஒரு கீறல். காயம் ஆறிற்று. ஆனால் ரெண்டு மூணு வாரத்தில் அந்தக் கோட்டின் மேலேயே, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, வெள்ளைச் செதில் வரிசையாக நின்றது. முள்ளில் ஏதோ விஷம் என்றார் அம்மாயி. விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. சொரியாசிஸ் உள்ளவன் தோலில் அடிபட்ட இடத்திலெல்லாம் அது கிளம்பும் என்று ஹைன்ரிச் கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் 1870-களிலேயே சொல்லியிருக்கிறார். அவர் பார்த்த ஆளுக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்தின இடத்திலும் வந்ததாம். எனக்குக் கருவேலம். வசதிக்குத் தகுந்த மாதிரி.

இந்த வியாதிக்கு வீட்டுக்கு ரெண்டு வைத்தியர். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துத் தடவச் சொன்னார் பக்கத்துக் காட்டுப் பெரியப்பா. (சித்த மருத்துவர்கள் இதற்கு நிஜமாகவே வெட்பாலைத் தைலம்தான் தருகிறார்கள். பெரியப்பா படிக்காத மேதை.) கொல்லிமலைக்குப் போய் ஒரு வேரைத் தின்றுவிட்டு வரச் சொன்னான் ஒரு நண்பன். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, கம்பு கூடாது என்று வருகிறவர்களெல்லாம் ஒரு பட்டியல் வாசித்தார்கள். 'க'வில் ஆரம்பிக்கிறதையெல்லாம் விலக்கினேன். கடனை மட்டும் யாரும் விலக்கச் சொல்லவில்லை. இதற்கு நடுவில் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தேன். மெடிக்கல் ஷாப் அண்ணன் கொடுத்த ஒரு ஆயின்ட்மென்ட். சின்ன டியூப். தேய்த்தால் ரெண்டு நாளில் அமுங்கும், விட்டால் வரும். மறுபடி தேய்த்தால் அமுங்கும். சீட்டு எழுதின டாக்டர் யாரும் இல்லை. ஆறு வருஷம் இப்படி ஓடிற்று.

அப்புறம் ஒரு தை மாசம், ராசிபுரம் பக்கம் பெண் பார்க்கப் போனோம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பெண்ணின் தாய்மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முறுக்கு, லட்டு, ரெண்டு வாழைப்பழம் வைத்த தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, "எடுத்துக்குங்க மாப்ள" என்றார். மாப்ள! கை நீட்டினேன். முழுக்கைச் சட்டைதான், ஆனாலும் நீட்டினால் துணி கொஞ்சம் மேலே ஏறுமில்லையா? அவர் பார்வை என் மணிக்கட்டுக்கு மேலே ஒரு விநாடி நின்றது. அப்புறம் சுவரில் இருந்த காலண்டருக்குப் போய்விட்டது. முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, தட்டை நகர்த்தக்கூட இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் அந்தத் தட்டிலிருந்து அவர் ஒரு முறுக்குகூட எடுக்கவில்லை. அதுவரைக்கும் மனுஷன் மூணு முறுக்கு தின்றிருந்தார்.

"போன் பண்றோமுங்க" என்றார்கள். இன்னும் வரவில்லை. நெட்வொர்க் கோளாறாக இருக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது, கல்யாணமே பண்ணிக்கொண்டாலும் ஒட்டாது. குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ரெண்டும் வேறு வேறு என்று வியன்னாவில் ஹீப்ரா என்ற டாக்டர் 1841-ல் தெளிவாகப் பிரித்து எழுதிவிட்டார். நூற்றியெண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தகவல் இன்னும் ராசிபுரம் வந்து சேரவில்லை. அவரைச் சொல்லி என்ன? நானே அன்றைக்கு வாய் திறந்து சொல்லியிருக்கலாம். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஹோமியோபதிக்குப் போனேன். ஊர், தெரு, பேர் எதுவும் வேண்டாம். மர நாற்காலி, கண்ணாடி அலமாரி, சின்னச் சின்ன சீசா, அறுபதைத் தாண்டின ஒரு டாக்டர். உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். தூங்கும்போது எந்தப் பக்கம் புரண்டு படுப்பீங்க? இனிப்பு பிடிக்குமா, புளிப்பா? இடி இடித்தால் பயமா? கனவில் தண்ணீர் வருமா? கூட்டத்தில் இருக்கப் பிடிக்குமா, தனியாவா? கடைசியாக, "நீங்க எப்பங்க தம்பி அழுதீங்க?" என்றார். நான் தட்டுக் கதையைச் சொன்னேன். அப்பா, அம்மா, நண்பன், யாரிடமும் சொல்லாத கதை. முழுக்கக் கேட்டார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் ஒரே ஒரு தடவை போயிருந்தேன். டோக்கனுக்குக் காத்திருந்தது மூணு மணி நேரம். உள்ளே இருந்தது ஒன்றரை நிமிஷம். அவர் என் தோலைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். ஹோமியோபதிக்கு ஏன் கூட்டம் போகிறது என்று அதிசயப்படுகிற அலோபதி டாக்டர்கள் இந்த ஒன்றரை நிமிஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

வெள்ளைக் குளிகை கொடுத்தார். தித்திப்பாக இருந்தது. காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூரம் பக்கத்தில் வைக்கக் கூடாது, பீர் கூடவே கூடாது. (அது எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. முகத்தில் எழுதியிருக்கும் போல.) ராத்திரி பத்து மணிக்குத் தூங்கணும். "மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சா முதல்ல ஜாஸ்தியாகும், பயப்படாதீங்க. வெளிப்பூச்சு எதுவும் போடக் கூடாது. போட்டா நோய் உள்ளே போயிடும்" என்றார். தலையை ஆட்டினேன். ஆயின்ட்மென்ட் விஷயத்தை நான் சொல்லவும் இல்லை, விடவும் இல்லை. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகத் தேய்ப்பேன்.

ஏப்ரல், மே வந்தது. முதுகு சுத்தம். முழங்கை லேசான சிவப்போடு சரி. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டேன். மூணு பேரை நானே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களில் ஒருத்தருக்கு மூலம்.

இந்த மருத்துவத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சாமுவேல் ஹானிமன், ஜெர்மனிக்காரர், 1755-ல் பிறந்தவர், முறையாகப் படித்த டாக்டர். அவர் காலத்தில் வைத்தியம் என்றால் ரத்தத்தை வடிய விடுவது, பாதரசம் கொடுப்பது, பேதியாக்குவது. நோயில் தப்பினவன் வைத்தியத்தில் போய்ச் சேருவான். மனுஷன் வெறுத்துப்போய் 1796-ல் ஒரு புதுக் கொள்கை சொன்னார். நல்ல உடம்பில் எது ஒரு தொந்தரவை உண்டாக்குமோ, அதையே துளியூண்டு கொடுத்தால் நோயாளியின் அதே தொந்தரவு தீரும் என்பது அது. அந்தக் காலத்தில் அவரிடம் போனவர்கள் பலர் நிஜமாகவே பிழைத்தார்கள். ரத்தம் எடுக்காமல், பாதரசம் கொடுக்காமல் விட்டாரே, அதுவே பெரிய உபகாரம்.

அந்தத் 'துளியூண்டு' எவ்வளவு என்பதில்தான் சிக்கல். சீசாவில் 30சி என்று போட்டிருந்தால், மருந்தை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறில் ஒரு பங்காக்கி, இப்படி முப்பது தடவை. கணக்குப் பிள்ளை நான், போட்டுப் பார்த்தேன்: ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபரில் ஒரு பங்கு. இந்தப் பூமி முழுக்க இருக்கிற அணுக்களை எண்ணினாலே ஏறக்குறைய ஐம்பது சைபரோடு நின்றுவிடும். பன்னிரண்டாவது தடவை கரைக்கும்போதே ஆரம்ப மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. அப்புறம் பதினெட்டு தடவை கரைப்பது தண்ணீரைத் தண்ணீரில். பற்று எழுதின பேரேட்டில் ஆளும் இல்லை, பணமும் இல்லை, பேர் மட்டும் இருக்கிற மாதிரி.

எனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அவருடைய இன்னொரு கொள்கை. 1828-ல் நாள்பட்ட நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்தார். அவற்றில் பெரும்பாலானதுக்கு அடிவேர் 'சோரா' என்றார். அதாவது சிரங்கு, அரிப்பு. அதை வெளிப்பூச்சால் அமுக்கினால் உள்ளே போய் வேறு வேறு நோயாக வெளிவரும் என்றார். என் டாக்டர் சொன்ன 'உள்ளே போயிடும்' அங்கிருந்து வந்ததுதான். ஆறே வருஷத்தில், 1834-ல், பாரிஸில் ரெனுச்சி என்ற கார்சிகா தீவு மாணவர் சிரங்கு வந்தவர் தோலிலிருந்து ஒரு குட்டிப் பூச்சியை ஊசி முனையில் எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டார். சிரங்குக்குக் காரணம் அந்தப் பூச்சி. சொரியாசிஸுக்கு அந்தப் பூச்சியோடும் உறவில்லை. பேரில் உள்ள சோரா ஒன்றுதான் பொது.

நம்ம நாட்டில் ஹோமியோபதிக்குப் பழைய வேர். 1839-ல் பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு ஹோனிக்பெர்கர் என்ற வெள்ளைக்கார டாக்டர் இதில் வைத்தியம் பார்த்தார். மங்களூர் கங்கநாடியில் 1880-ல் முல்லர் பாதிரியார் ஆலமரத்தடி வைத்தியம் மாதிரி ஆரம்பித்தது இன்று பெரிய மருத்துவமனை. 1973-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. திருமங்கலத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அஞ்சரை வருஷம் படித்துவிட்டு வருகிற டாக்டர்கள். அவர்களைப் போலி என்று சொல்ல நான் யார்? ஆனால் சட்டம் கொடுக்கிற அங்கீகாரம் வேறு, சான்று வேறு. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த வியாதிக்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று அறிக்கை கொடுத்தது. சொரியாசிஸுக்கென்றே ஜெர்மனியில் ஒரு ஆய்வு 2009-ல் வந்தது. 82 பேரை ரெண்டு வருஷம் கவனித்தார்கள். பலருக்கு நன்றாகக் குறைந்தது.

குறைந்ததே, அப்புறம் என்ன என்பீர்கள். அங்கேதான் பி.காம். உதவிக்கு வருகிறது. அந்த ஆய்வில் மருந்து சாப்பிடாத இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிடவில்லை. சொரியாசிஸ் தானே ஏறும், தானே இறங்கும். பலருக்குக் குளிரில் ஏறி வெயிலில் இறங்கும். மனுஷன் எப்போது புது டாக்டரைத் தேடுவான்? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே? இறங்குகிற நேரத்தில் எவர் கையில் மருந்து வாங்கினோமோ அவர் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம்.

என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தை மாசக் குளிரில் போனேன், சித்திரை வெயிலில் குறைந்தது. மூணு மாசம் பீர் இல்லை. குடி இந்த நோயை ஏற்றும், சிகரெட்டும் அப்படியே. பத்து மணிக்குத் தூக்கம். மனசில் இருந்த பாரத்தை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டார். கவலையும் இதை ஏற்றுகிற சாமான்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ராத்திரி ராத்திரி திருட்டு ஆயின்ட்மென்ட். ஆக அஞ்சு பார்ட்டி பணம் கட்டியிருக்கிறார்கள். ரசீது மட்டும் ஆறாவது ஆளான வெள்ளைக் குளிகை பேருக்கு! வேறு கடையில் இப்படி எழுதியிருந்தால் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள். யாருடையது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடணும் என்பது பால பாடம்.

இன்னொன்று. மருந்து சாப்பிட்டுக் குறைந்தால் மருந்தால் குறைந்தது. கூடினால், மருந்து வேலை செய்வதால் கூடுகிறது. குறைந்தாலும் வரவு, கூடினாலும் வரவு. பற்றுப் பக்கமே இல்லாத பேரேட்டை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். நான் போட்டேன்.

ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகையில் மறுபடி கிளம்பியது. டாக்டர் சீசாவை மாற்றினார். "உள்ள இருக்கிறது வெளிய வருது, நல்லதுதான்" என்றார். இவ்வளவு நல்ல மனுஷனிடம் பொய் சொல்கிறோமே என்று உறுத்த, ஆயின்ட்மென்ட் ரகசியத்தைக் கக்கிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "இன்னியோட விட்டுடுங்க தம்பி." அன்றைக்கே டியூபைக் குப்பையில் போட்டேன். ஆறு வருஷப் பழக்கம், ஒரே நாளில்.

மார்கழி நடுவில் ஒரு ராத்திரி ரெண்டு மணி. மூணு கம்பளிக்குள் கிடந்து நடுங்குகிறேன். வெளியே தொட்டால் உடம்பு கொதிக்கிறது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இடைவெளியே இல்லாமல் செங்கல் சிவப்பு. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அம்மா பாயை உதறினால் முறத்தில் அள்ளுகிற அளவுக்குச் செதில். கூடுகிறது என்றால் வேலை செய்கிறது என்று அப்போதும் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அம்மாதான் அதற்கெல்லாம் காத்திருக்காமல் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி வண்டி பிடித்தார். சேலம் பெரியாஸ்பத்திரி.

எரித்ரோடெர்மா என்றார்கள். உடம்புத் தோல் ஏறக்குறைய முழுக்கச் சிவந்து கழன்றுகொள்வது. தோல் என்பது வெறும் போர்வை இல்லை ஸார். உடம்புச் சூடு, தண்ணீர், புரதம் எல்லாம் வெளியே ஓடாமல் காவல் காப்பது அதுதான். காவல் போனால் இதயம்வரை ஆபத்து, கிருமி உள்ளே புகுந்தால் உயிரே போகலாம். பத்து நாள் வார்டில் கிடந்தேன். என்னைவிட வயதில் சின்ன ஒரு பெண் டாக்டர் தினம் வந்து பார்ப்பார். மூணாம் நாள் விசாரணை.

"இந்த ஆயின்ட்மென்ட் எத்தனை வருஷமா?"

"ஆறுங்க மேடம்."

"எழுதிக் குடுத்தது யாரு?"

"மெடிக்கல் ஷாப் அண்ணன்."

"நிறுத்தச் சொன்னது?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். "அந்தக் குளிகை உங்களை ஒண்ணும் பண்ணலை. ஒண்ணுமே பண்ணலை. வீரியமான ஸ்டீராய்ட் களிம்பை வருஷக் கணக்கா நீங்களா தேய்ச்சதும், அதைத் திடீர்னு விட்டதும்தான் பண்ணிச்சு. போட்டதும் தப்பு, நிறுத்தின விதமும் தப்பு." ஆக, திட்டில் எனக்குப் பாதி, அவருக்குப் பாதி. பங்கு சரியாகத்தான் பிரித்தார்.

வியாதி என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி முதலில் சொன்னதும் அந்தப் பெண்தான். எங்கள் பக்கத்துத் தறியை வைத்து நான் புரிந்துகொண்டது இது: தோலில் ஒரு செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஒரு மாசம் ஆகும். அது நிதானமாக நெய்த சேலை. சொரியாசிஸில் அதே சேலையை நாலு நாளில் நெய்து தள்ளுகிறார்கள். பாவும் ஊடும் சேராமல் குவிகிறது, அதுதான் செதில். தறிக்காரன்மேல் தப்பில்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு என்கிற மேஸ்திரி, இல்லாத எதிரியைப் பார்த்துப் பயந்துபோய் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று தப்பு ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வம்சத்தில் கொஞ்சம் வரும். தொண்டைப் புண், மனக் கவலை, சில மாத்திரைகள், எங்க ஊர் முள் எல்லாம் கிளப்பிவிடும். தோலோடு நிற்காது என்பது பலருக்குத் தெரியாது. நகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி பள்ளம் விழும். பத்துப் பேரில் ரெண்டு மூணு பேருக்கு மூட்டைப் பிடிக்கும். காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை, இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றால் 'வயசாச்சு' என்று விடாமல் டாக்டரிடம் சொல்லணும். மூட்டு ஒரு தடவை கோணினால் கோணினதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் சபை 2014-ல் இதற்கென்றே தனித் தீர்மானம் போட்டது.

அடியோடு போக்குகிற மருந்து இன்றுவரை கிடையாது. யாராவது 'நிரந்தரத் தீர்வு' என்று போர்டு வைத்திருந்தால் எந்த வைத்தியமானாலும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டாம். அமெரிக்க டிவி நட்சத்திரம் கிம் கர்தாஷியானுக்கு இது இருப்பது 2011-ல் ஊருக்கே தெரிந்தது. அவரிடம் இல்லாத காசா? ஆனால் அடக்கிவைக்கலாம், வருஷக் கணக்காக. கொஞ்சமாக இருந்தால் ஈரப்பசைக் களிம்பு, தார்க் களிம்பு, டாக்டர் சொல்கிற அளவுக்கும் நாளுக்கும் மட்டும் ஸ்டீராய்ட். பரவலாக இருந்தால் புற ஊதா வெளிச்சம். டியூப்லைட் அடுக்கின டெலிபோன் பூத் மாதிரி ஒரு பெட்டிக்குள் சில நிமிஷம் நிற்கவைப்பார்கள். அதற்கும் மேலே மாத்திரை, ஊசி. ஊசியில் பெங்களூர் பயோகான் கம்பெனி 2013-ல் இட்டோலிசுமாப் என்று ஒன்றை இதற்காகவே கொண்டுவந்தது. அதற்கு அப்புறம் இன்னும் பல வந்திருக்கின்றன. நன்றாகவே கேட்கின்றன. விலையைக் கேட்டால்தான் நமக்கு அரிக்கிறது.

எனக்குக் கொடுத்தது பழைய மாத்திரை, மெத்தோட்ரெக்சேட். இதன் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் போட்டுக்கொண்டு ஆபரேஷன் அறைக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம், எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் ஒரு படி குறைச்சலான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அரசு வேலை கிடைக்காமல் சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அப்புறம் அமெரிக்கா போனார். அங்கே லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் ஆசிட்டைத் தயாரித்தது, அப்புறம் அதற்கு எதிராக வேலை செய்கிற அமினோப்டெரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் தயாரித்தது, ரத்தப் புற்றுநோய்க்காக. 1948-ல் அவர் போய்ச் சேர்ந்தார். 1951-ல் அமெரிக்க டாக்டர்கள் மூட்டுவாதத்துக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது சொரியாசிஸ் மறைவதைக் கவனித்தார்கள். மெத்தோட்ரெக்சேட் அந்த வழியில்தான் என் முதுகுக்கு வந்து சேர்ந்தது. ஆயுர்வேத வாத்தியார் கண்டுபிடித்தாரா, அலோபதி டாக்டர் கண்டுபிடித்தாரா என்று மருந்துக்குத் தெரியாது. சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

ஒரு எச்சரிக்கை, கட்டம் கட்டி வாசிக்கவும். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போடுகிற மாத்திரை என்று நினைத்துப் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலண்டரில் ஞாயிறு மட்டும் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறார். டாக்டர் சொன்ன நாளில் ஃபோலிக் ஆசிட். அவ்வப்போது ரத்தமும் ஈரலும் சோதனை. பீர் அறவே கிடையாது, ஈரல் போய்விடும். (அந்த விஷயத்தில் ரெண்டு டாக்டர்களும் ஒரே கட்சி.) கல்யாணம், குழந்தை என்று பேச்சு வந்தால் முன்கூட்டியே சொல்லணும். வெளிப்பூச்சாக எதை நிறுத்துவதானாலும் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தணும்.

ஒண்ணரை வருஷம் ஆகிறது. முட்டியில் ரெண்டு திட்டு, காதுக்குப் பின்னால் கொஞ்சம். மற்றபடி என் தோலில் நானே குடியிருக்கிறேன்.

போன மாசம் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஹோமியோபதி டாக்டரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போயிருப்பேன், அவர் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாயிட்டீங்களே தம்பி! நம்ம மருந்து அப்பிடித்தானுங்க, லேட்டாத்தான் பிடிக்கும்."

பத்து நாள் வார்டு, சிவப்புப் பேனா, எரித்ரோடெர்மா எல்லாம் தொண்டைவரை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே, வழக்கம்போல முழுக்கக் கேட்டார். சிரிப்பு மெல்ல இறங்கிற்று. "நான் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் நாமக்கல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் அவரே ரெண்டு காபி சொன்னார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஸ்ட்ராங்.

"கல்யாணம்?"

"தையில ஒரு இடம் பார்க்கப் போறோமுங்க."

"அரைக்கைச் சட்டை போட்டுட்டுப் போங்க. தட்டு வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

தட்டுக் கதையை நான் அவர் ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தேன். பில்லுக்குப் பையைத் துழாவினேன். அதற்குள் அவர் கொடுத்துவிட்டிருந்தார்.